தறிக்குழி வரை மருந்து: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் அம்மாபேட்டை நெசவாளர் தெருப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, ஆடித் திருவிழாப் பந்தல் ஆகிய வேலைகள் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது ஐப்பசியில் நம் தெருவுக்கு வந்த டெங்குவைப் பற்றி.

முதலில் ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்கு என்று தெரிந்த மறுநாளே பணியாளர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் மருந்து அடிக்க வந்தார்கள். பதினோரு வீடுகள் கதவைத் திறக்கவில்லை. அதில் என் வீடும் ஒன்று. தறியில் வெண்பட்டு வேட்டிப் பாவு, அதாவது நெய்ய நீளவாக்கில் கட்டிய நூல், ஏறியிருந்தது. அடிப்பது பைரெத்ரம் என்ற கொசு மருந்து, ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு மண்ணெண்ணெய். பாவில் ஒரு துளி பட்டாலும் கறைதான், கூலி போய்விடும். "தெருவில் புகை அடித்தால் போதாதா" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள், திறக்காத வீடு ஒன்றில் ஒரு தாய் டெங்குவில் படுத்தார். அன்று அடித்திருந்தால் வந்திருக்காது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் செயலாளரே கதவைச் சாத்தினார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இருவரும் குணமாகிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் டிடிடி அடித்தார்களே, இப்போது ஏன் இப்படி என்று பெரியவர்கள் கேட்டார்கள். 1953இல் தொடங்கிய மலேரியாத் திட்டம் அது. மலேரியாக் கொசு இரவில் கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும். சுவரில் மாதக்கணக்கில் நிற்கும் மருந்து அதைக் கொன்றது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. தொங்கும் துணி, கட்டிலடி, இருட்டு மூலை என்று ஒதுங்கும். கதவு சாத்தியிருந்தால் தெருப்புகை அங்கே எட்டாது. நம் வீடுகளில் அதைவிட நல்ல இடமும் உண்டு: தறிக்குழி. இருட்டு, குளிர்ச்சி, பகல் முழுக்க அதற்குள் தொங்கும் நம் கால்கள்.

ஆகவே இரண்டாம் முறை முதலில் என் வீட்டைத் திறந்தேன். பாவின் மேல் பழைய வேட்டி, அதன்மேல் பாலித்தீன், ஓரங்களைச் செருகிக் கட்டினேன். அடுப்பை அணைத்து, குடிநீரையும் சோற்றையும் மூடி, குடும்பத்தோடு வெளியே நின்றோம். பணியாளர் குழிக்குள் குனிந்து அடித்தார். அரை மணி நேரம் சாத்தி வைத்து, பிறகு திறந்து காற்றாட விட்டோம். வாசனை மாலை வரை இருந்தது. பாவில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அதைக் கையால் தடவிப் பார்த்த பிறகே மற்ற வீடுகள் திறந்தன. பாவை மூடுவது நெசவாளர் கையாலேயே நடக்க வேண்டும் என்பதைப் பணியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய பொறுமைக்குச் சங்கத்தின் நன்றி.

மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் இருக்கும் புழு ஏழிலிருந்து பத்து நாளில் அடுத்த கொசுவாகும். மேட்டூர்த் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்தே பழகியவர்கள் நாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை எப்படியும் வீடு கழுவுகிறோம். டிரம்மையும் தொட்டியையும் அன்றே தேய்ப்பது என்று தாய்மார்கள் முடிவெடுத்தார்கள். சில வீடுகளில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிய தண்ணீரைப் பயந்து கொட்டிவிடுகிறார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் குடிநீரிலேயே அதை உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. அளந்து ஊற்றியதைக் கொட்ட வேண்டாம்.

பக்கத்துத் தெருக் கொலுசுப் பட்டறைக்காரர்களும் நம்மிடம் விவரம் கேட்டார்கள். பற்றவைக்கும் நெருப்பை முழுதாக அணைத்து, சூடு ஆறிய பிறகே அடிக்க விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். அடிப்பது மண்ணெண்ணெய் என்பதை மறக்கக் கூடாது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். தறி மூடும் பாலித்தீனைச் சங்கப் பணத்தில் வாங்கி வைக்க வேண்டும். வெளியூர் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போக வேண்டும்; பூட்டிய வீட்டு டிரம்முக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடிவதில்லை. இவ்விரண்டையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்