காலை 7 மணி மருந்தைப் பற்றி, தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். உங்கள் பெயரையோ குழந்தையின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனாலும் இது உங்களுக்கான கடிதம் என்பது படிக்கத் தொடங்கியதுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மழலையர் பள்ளியின் வாசலில், பத்து நாட்களுக்கு முன்பு, மற்ற பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்களைக் கடிந்து பேசினேன். அன்றிலிருந்து குழந்தை வரவில்லை. இரண்டு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதில் உங்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. எல்லார் எதிரிலும் பேசிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது முறையாகாது என்பதால்தான், எல்லாரும் படிக்கக்கூடிய இடத்தில் இதை எழுதுகிறேன்.

அன்று காலை 9 மணிக்கு, வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்த கருவி 97.8 என்று காட்டியது. 11:30 மணிக்கு, பாட்டு நேரத்தில், எல்லாக் குழந்தைகளும் எழுந்து நிற்க, அவன் மட்டும் பாயின் ஓரத்தில் சுருண்டு படுத்துக்கொண்டான். தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தன, கழுத்தும் வயிறும் கொதித்தன. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 102.6 டிகிரி காட்டியது. அவனைத் தூக்கும்போதுதான் சட்டையில் பின் குத்தியிருந்த கைக்குட்டை கண்ணில் பட்டது. அதன் ஒரு மூலையில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பான கறை இருந்தது, காய்ச்சல் சிரப்பின் தித்திப்பு வாசனை வந்தது. அவசரத்தில் ஊற்றி, வாயோரம் வழிந்ததை அதிலேயே துடைத்திருக்கிறீர்கள்.

எம்.சி. ரோட்டில் நீங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், வேலை நேரம் முழுவதும் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மணிக்குத்தான் உங்களைப் பிடிக்க முடிந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்த உங்களைப் பார்த்து, "மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்பினீர்களா? மற்ற குழந்தைகளுக்குத் தொற்றினால் யார் பொறுப்பு?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். உங்கள் மாமியார் ஊருக்குப் போயிருந்ததையும், அதற்கு முந்தைய வாரம்தான் சளிக்காக நாங்கள் அவனைத் திருப்பி அனுப்பியதில் உங்களுக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டதையும், மறுநாள் எங்கள் ஆயாம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை, நானே எழுதி வாசலில் ஒட்டிய அறிவிப்பின் எதிரில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொரோனாவால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த மழலையர் பள்ளிகள் 2022 பிப்ரவரி 16 அன்று திறக்கப்பட்டபோது எழுதியது அது: காய்ச்சல், சளி, இருமல் எது இருந்தாலும் 7 நாட்கள் வரக்கூடாது, திரும்பி வரும்போது மருத்துவர் சான்று வேண்டும். மிகவும் பொறுப்பான விதி என்று நம்பித்தான் எழுதினேன். ஆனால் தொற்றுநோய் இல்லாத காலத்திலேயே, பள்ளிக்குப் போகத் தொடங்கும் குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. எட்டு முறைக்கு ஏழு நாட்கள் என்றால் 56 நாட்கள். நாள் சம்பளம் வாங்கும் ஒரு தாய் வேலைக்குப் போகாமல் 56 நாட்கள் வீட்டில் இருக்க வேண்டும், போதாததற்கு ஒவ்வொரு முறையும் சான்றுக்காக மருத்துவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். மறைப்பதைத் தவிர வேறு வழி இல்லாத ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு, மறைத்தவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்.

இந்தப் பகுதியில் காய்ச்சலை மறைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நம் இருவருக்குமே தெரியும். 2020 மே மாதத்தில் சென்னையிலேயே அதிகத் தொற்று நம்மை ஒட்டிய இராயபுரம் மண்டலத்தில்தான் இருந்தது. தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டார்கள், தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தொற்று வந்த வீட்டை அடையாளம் காட்டத் தகரம் அடித்தார்கள். தகரம் அடித்த வீட்டுக்குப் பால்காரர் வரவில்லை. அந்த வீட்டுப் பெண்ணைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். காய்ச்சல் என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

அம்மை போட்டால் நாம் அப்படிச் செய்வதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலையைச் செருகிவிடுகிறோம். பார்த்தவர்கள் தாமாகவே விலகிப் போகிறார்கள், இளநீரை வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டும் போகிறார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தை வெளியே வருவதில்லை, அதற்குள் பெரும்பாலும் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டிவிடுகின்றன. சின்னம்மை பரவும் காலமும் ஏறக்குறைய அதுவரைதான். (அம்மைக்கு மருத்துவரிடம் போகக்கூடாது என்ற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது.) வேப்பிலை, தகரம் இரண்டுமே தனிமைப்படுத்துபவைதாம். வேப்பிலையை வீட்டுக்காரர்களே செருகுகிறார்கள், அதனால் அதில் அவமானம் இல்லை. என் அறிவிப்பு தகரத்தின் பக்கம் சேர்ந்ததாக இருந்தது.

அந்த மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம் வரைதான் காய்ச்சலை இறக்கி வைக்கும். காலை 7 மணிக்குக் கொடுத்தது 9 மணிக்கு எங்கள் கருவியை ஏமாற்றியதும், 11:30 மணிக்கு அவன் நடுங்கியதும் அதனால்தான். அந்தக் கருவி வியர்த்த நெற்றியில் குறைத்தும் வெயிலில் நடந்துவந்த நெற்றியில் கூட்டியும் காட்டும். அதை இவ்வளவு நம்பியது எங்கள் அறியாமை. மருந்து கொடுத்த நேரம் தெரியாமல் நாங்களும் ஒரு முறை கொடுத்திருந்தால் அளவு மிஞ்சியிருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய அச்சம். எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டிய மருந்து அது. டிராப்ஸ் புட்டியில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் அதே அளவு மருந்துக்கு ஏறத்தாழ 4 மில்லி வேண்டும், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு. தம்பியின் டிராப்ஸை அண்ணனின் சிரப் மூடியால் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். புட்டியின் மீது எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், படிக்க முடியாவிட்டால் மருந்துக் கடைக்காரரிடம் குழந்தையின் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆறு மாதம் முதல் 5 வயது வரையுள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். ஜன்னி என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். பக்கவாட்டில் படுக்க வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்து கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். முதல் முறை வந்தால், நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இதையெல்லாம் செய்ய எங்கள் ஆசிரியைகளுக்கு இப்போது சொல்லிக் கொடுத்திருக்கிறோம். குழந்தைக்குக் காலையில் காய்ச்சல் இருந்தது என்று தெரிந்தால் அவன் மீது ஒரு கண் வைத்திருப்போம்.

பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டேன். இனி 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால், மருந்து இல்லாமலேயே காய்ச்சல் இறங்கி ஒரு முழு நாள் ஆனபிறகு வரலாம், அதற்குச் சான்று வேண்டாம். மூக்கு ஒழுகினாலும் நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் குழந்தையைத் திருப்பி அனுப்பமாட்டோம். வீட்டில் யாருக்காவது கொரோனா உறுதியானால் மட்டும் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். குழந்தைக்கே தொற்று என்றால், 2022 ஜனவரியில் அரசு சொன்னபடி, பரிசோதனையிலிருந்து 7 நாட்கள், அதில் கடைசி 3 நாட்கள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இதில் மட்டும் தளர்த்த முடியாது. முகக்கவசத்தை விட்டுவிட்டோம். 5 வயது வரை அது வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்க, நாங்கள்தான் வற்புறுத்தினோம். குழந்தைகளோ ஒருவர் கவசத்தை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் இனி "காலையில் மருந்து கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்போம். கொடுத்தேன் என்று சொன்னதற்காக யாரையும் கடிந்து பேசமாட்டோம். வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லாத நாளில் அதையும் சொல்லுங்கள். ஜன்னலோர அறையில் தனியாகப் பாய் போட்டிருக்கிறோம், ஆயாம்மா உடன் இருப்பார், நீங்கள் அரை நாள் கேட்டுவிட்டு வரும்வரை பார்த்துக்கொள்வோம். மற்ற குழந்தைகளின் பெற்றோர் இதை ஒப்புக்கொள்வார்களா என்று தயங்கினேன். கூட்டத்தில் சொன்னபோது, இரண்டு தாய்மார்கள் தாங்களும் மருந்து கொடுத்து அனுப்பியதாக எழுந்து நின்று சொன்னார்கள். உங்கள் சம்பளப் பிடித்தத்துக்கு என்னிடம் வழி இல்லை, அதை இந்த அறை தீர்த்துவிடும் என்று சொன்னால் பொய்யாகும்.

அவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பது தெரியவில்லை, அதுதான் என்னை வாட்டுகிறது. காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டியிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெங்குவாக இருந்தால், காய்ச்சல் விட்டது என்று நாம் நிம்மதியடையும் நேரம்தான் ஆபத்தானது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கைகால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல் இவற்றில் எது தெரிந்தாலும், இரவு பகல் பார்க்காமல் ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

நலமாக இருந்தால் திங்கட்கிழமை அனுப்புங்கள். வரும்போது உங்கள் கடையின் தொலைபேசி எண்ணையும், பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அன்று அவன் விட்டுச் சென்ற கைக்குட்டையை ஆயாம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். கறை முழுவதும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் பிள்ளையின் மிஸ்