எந்த வகைப் புற்றுநோய் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், மறுநாள் எங்கள் வார்டில் யாராவது அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வந்து, “சிஸ்டர், இதை அம்மாவுக்குப் போட முடியாதா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் முடியாது. கணையப் புற்றுநோய் வந்த ஒருவர், “அந்தப் புது மருந்து வரட்டும்” என்று கீமோவையே தள்ளிப்போட்டார். அந்தச் செய்திக்கும் அவருடைய நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

2022 ஜூனில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைப் பற்றி வந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு ஆறு மாதம் அந்த மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அந்த 12 பேரின் கட்டிகளுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் பிழைகளைச் சரிசெய்யும் ‘எம்எம்ஆர்’ என்ற ஏற்பாடு அவற்றில் பழுதாகியிருந்தது. பிழைகள் சேரச் சேர, அந்தச் செல்களை, உடலின் நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் அந்நியமாகப் பார்க்கத் தொடங்கும். ஆனாலும் பிடி-1 என்ற தடை அவற்றின் கையைக் கட்டிவைத்திருக்கும். மருந்து அந்தத் தடையை விலக்கியதும் டி செல்களே கட்டியை அழித்தன. மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இந்த வகை. தலைப்புகளில் இது வரவே இல்லை.

இன்றைய ஆராய்ச்சியின் உயிர்நாடியே இந்த விவரம்தான். எந்த உறுப்பில் வந்தது என்பதோடு, செல்லுக்குள் எது பழுதானது என்றும் இப்போது பார்க்கிறார்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் மாறியிருப்பதை 1960இலேயே கண்டார்கள். அந்த மாற்றத்தைக் குறிவைத்த இமாடினிப் மாத்திரைக்கு 2001இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பலர் அதை வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நோயாளியின் டி செல்களையே எடுத்து, மாற்றியமைத்து, திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை சில ரத்தப் புற்றுநோய்களில் நல்ல பலன் தருகிறது; உறுப்புகளில் வரும் திடக்கட்டிகளில் இன்னும் அந்த அளவுக்கு இல்லை.

தலைப்புக்கு வராத ஆராய்ச்சிகளும் உண்டு. ஃபுளோரிடாவில் ராபர்ட் கேட்டன்பி என்ற மருத்துவர், பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோயில் வேறொரு வழியை முயன்றார். மருந்தை நிறுத்தாமல் கொடுத்தால், அதற்கு அடங்கும் செல்கள் சாகும். அடங்காதவை மட்டும் போட்டியில்லாமல் பெருகும். ஒரே பூச்சிமருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் வயலில் நடப்பதும் இதுதான். அதனால், அடங்கும் செல்களில் சிலவற்றைப் போட்டிக்கு விட்டுவைக்க, ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம்) அளவு பாதியாகக் குறைந்ததும் அபிராடெரோன் என்ற மருந்தை நிறுத்தினார். பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி தொடங்கினார். நோய் அடங்கியிருந்த காலம் நீண்டது. மருந்தும் வழக்கத்தில் ஏறத்தாழ பாதிதான் தேவைப்பட்டது. சிறிய சோதனைதான். ஆனாலும், குணமாக்க முடியாத நோயோடு நெடுநாள் வாழ வழி தேடும் இந்த முயற்சிக்கு ஏன் அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை? எங்கள் வார்டில் பலருக்கு வேண்டியது அதுதானே!

என் வேண்டுகோள் பெரிதல்ல. சோதனை எலியிலா மனிதரிலா, எத்தனை பேரிடம், எந்த வகைக் கட்டி என்று முதல் பத்தியிலேயே போடுங்கள். அப்புறம், அந்த வகையா என்று தெரிந்துகொள்ள என்ன பரிசோதனை உண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டோஸ்டார்லிமாப் செய்தியில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், மருந்தைக் கேட்டு வந்தவர்கள், “அம்மாவின் பயாப்ஸியில் எம்எம்ஆர் பரிசோதனை செய்துவிட்டார்களா சிஸ்டர்?” என்று கேட்டிருப்பார்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவு செவிலியர் ஒருவர்