புக்கர் பரிசு நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். கதையின் நாயகன் ஒரு போலீஸ்காரர், அதுவும் தொடர் நாவல் என்றால், அந்தப் புத்தகம் இலக்கியப் பரிசுப் பட்டியலை எட்டுவது அரிது. இதை நீங்கள் நினைத்தால் மாற்றலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் வில்லியம் மெக்கில்வானி ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். 1975இல் 'டாக்கர்ட்டி' நாவலுக்காக விட்பிரெட் என்னும் பிரிட்டிஷ் இலக்கியப் பரிசு பெற்றவர். அடுத்து 1977இல் அவர் எழுதியது 'லெய்ட்லா'. அதே பெயருள்ள துப்பறிவாளரைக் கொண்ட தொடரின் முதல் நாவல் அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கெல்விங்ரோவ் பூங்காவில் ஒரு இளம்பெண்ணின் உடல் கிடைக்கிறது. கொலையாளி யார் என்பதை மெக்கில்வானி கடைசிவரை ஒளித்து வைப்பதில்லை. அவனை முதலில் எட்டிப்பிடிக்கப் போவது யார் என்பதே கதை. பெண்ணின் அப்பா பழி வாங்கத் துடிக்கிறார். நகரத்து ரவுடிகளும் தேடுகிறார்கள். லெய்ட்லாவுக்கு அவன் உயிரோடு வேண்டும். கொன்றவனை அரக்கன் என்று சொல்லி ஒதுக்கிவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று போக அவரால் முடியாது. நம்மில் ஒருவன்தான் இதைச் செய்தான் என்பதை அவர் யாரையும் மறக்க விடுவதில்லை. மேசை இழுப்பறையில் கீர்க்ககார்ட், காம்யூ, உனமுனோ போன்ற தத்துவச் சிந்தனையாளர்களின் நூல்களைப் பூட்டி வைத்திருக்கும் துப்பறிவாளர் அவர். இதைவிட ஆழமாக ஒரு நாவல் வேறு என்ன கேட்டுவிட முடியும்?

இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது குற்றப்புனைவுக்கென்றே தரப்படும் சில்வர் டாகர் விருது. பிறகு பல ஆண்டுகள் அச்சிலேயே இல்லை. 2013இல்தான் மறுபதிப்பு வந்தது.

தொடர் நாவல் என்பது தடையா? பேட் பார்க்கரின் முத்தொகுதியில் மூன்றாவது நாவலுக்கு 1995இல் நீங்கள்தானே பரிசு கொடுத்தீர்கள்? பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லைப் பற்றிய ஹிலாரி மேன்டலின் தொடரில் இரண்டாவது நாவலுக்கு 2012இல் கொடுத்தீர்கள். சரி, கிளாஸ்கோவின் ஏழைத் தெருக்களும் கரடுமுரடான பேச்சும் தடையா? 1994இல் ஜேம்ஸ் கெல்மன், 2020இல் டக்ளஸ் ஸ்டூவர்ட் இருவரும் அவற்றை எழுதித்தான் வென்றார்கள். அப்படியானால் மிச்சம் இருப்பது அந்தப் போலீஸ்காரர் மட்டும்தான்.

2016இல் கிரேம் மெக்ரே பர்னெட்டின் கொலைக் கதை இறுதிப் பட்டியலுக்கு வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களின் வடிவில் எழுதப்பட்ட தனி நாவல். இன்றைய நகரத்தில், வருடக்கணக்காக ஒரே துப்பறிவாளரோடு நடக்கும் கதைக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

பதிப்பகங்கள் அனுப்பாத நூல்களையும் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த ஆண்டு அதைப் பயன்படுத்தி, ஸ்காட்லாந்துத் துப்பறியும் தொடர்களிலிருந்து ஒன்றிரண்டு நாவல்களையாவது வரவழைத்து முழுதாகப் படியுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்