அண்ணன் எழுதச் சொன்ன கடிதம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோவளத்தில் எல்லோரும் நலம்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் அண்ணன்தான். "தம்பிக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று இரண்டு நாளாக நச்சரிக்கிறான். மழைக்காலத்தில் கர்நாடகத்து மூல்கிக் கடல் முரடு, நீ அங்கே சும்மாதானே இருப்பாய், இங்கே வந்து என் பள்ளியில் அலைச்சறுக்குச் சொல்லிக்கொடு என்று கூப்பிட்டானாம். மற்றவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை எனக்கும் கொடு என்றாயாம். கூடப்பிறந்தவனிடம் கணக்குப் பார்க்கிறான் என்று அவனுக்குக் கோபம். சரி, எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். உட்கார்ந்ததும் பழைய கதை ஒன்று வந்துவிட்டது.

அப்போது உனக்கு 14 வயது. ஆடி மாதம், மேற்கிலிருந்து கச்சான் காற்று, பாறை முனையில் நல்ல அலை. உன்னிடம் இருந்தது அண்ணன் கழித்துவிட்ட பலகை. அதன் உடைந்த மூக்குக்குப் படகுக்கு வாங்கிய ரெசினைப் பூசி நான்தான் ஒட்டுப் போட்டிருந்தேன். நீ அலையைப் பிடித்து எழுந்தவுடன் அண்ணன் குறுக்கே இறங்குவான். நீ பலகையைத் திருப்பிக்கொண்டு விலகிவிடுவாய். தினமும் இதேதான். கரையில் வலையைச் சரிசெய்தபடி நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியவன்தானே என்று விட்டுவிட்டேன்.

அன்று நீ விலகவில்லை. பலகைகள் மோதி, அவனுடையதன் ஓரம் பிளந்துபோயிற்று. கரையேறியவன் கையை ஓங்கினான். நீ பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றாய். முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

"கரையில் வேண்டுமானால் அடித்துக்கொள் அண்ணா. தண்ணீரில் என் அலையில் ஏறாதே."

ஓங்கிய கை தலையைச் சொறியப் போய்விட்டது.

இரவு உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "எதற்கு அப்பா?" என்றாய். சோறு ஆறுகிறது, சாப்பிடு என்று பேச்சை மாற்றினேன்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததல்லவா, நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அதற்கு அண்ணன் என்னையும் அழைத்துப் போனான். மணலில் உட்கார்ந்து விதிகளை அவனே விளக்கினான். அலை உடைகிற இடத்துக்கு யார் அருகில் எழுகிறானோ அவனுக்குத்தான் அந்த அலையாம். குறுக்கே இறங்கினால் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்களாம். இத்தனை வருடம் கடலில் கிடந்தும் எனக்கு இது தெரியாது. "அப்படியானால் அன்றைக்கு?" என்றேன். வெகுநேரம் கழித்து, "அவன் அலைதான்" என்றான். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

உனக்கு நீச்சல் கற்றுத்தந்தவன் அவன். முதல் அலையில் பின்னாலிருந்து தள்ளிவிட்டவனும் அவன். நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் படகில் உன் சித்தப்பா வந்தாலும் டீசல் செலவு போகப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரித்துத்தானே கொடுக்கிறேன்? ஒருநாளும் அவர் சொந்தக்காரர் என்று பங்கைக் குறைத்ததில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அவனும்தான். கேட்டதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே.

என்ன எழுதினீர்கள் என்று இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நீ சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா உனக்காக நெத்திலி காயவைத்திருக்கிறாள். தபாலில் அனுப்பினால் நாறும், பெரியவனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள் என்கிறாள். மங்களூர் ரயிலுக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா