ஆகஸ்டில் வேண்டாம், தையில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்யவென்று யாழ்ப்பாணம் வரும் இளையவர்கள் போட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு வாசகர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். எடுக்கிறார்கள்தான். நல்லூர்த் திருவிழாவில் எங்கள் பிள்ளைகள் எடுக்காத போட்டோவா? நான் கரவெட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அப்படி வருகிறவர்கள் சில வருடங்களாக என் வீட்டுப் பின்னறையில்தான் தங்குகிறார்கள். கிட்ட இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிழை போட்டோவில் இல்லை. அவர்கள் வரும் மாதத்தில் இருக்கிறது.

கனடாவிலும் இங்கிலாந்திலும் கோடை லீவு ஜூலை, ஆகஸ்ட். அதனால் எல்லாரும் அப்போதுதான் வந்து இறங்குகிறார்கள். இங்கே அந்த நேரம் இரண்டாம் தவணைப் பரீட்சை. அது முடியப் பள்ளிக்கூடம் பூட்டிவிடும். நல்லூரில் 25 நாள் திருவிழா. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் என்ன, பின்னேரத்தில் சனசமூக நிலையத்தில் வகுப்பு வைப்போம் என்று ஒரு ஜேர்மன் பிள்ளை அட்டையெல்லாம் வெட்டி, நிறம் தீட்டி வைத்திருந்தாள். முதல் நாள் வந்தது இரண்டு சிறுவர்கள். அதிலும் ஒருவன் தம்பியைக் கூட்டிப்போக வந்தவன். மற்றவர்கள் எல்லாரும் ரியூசனில். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பின்னேரம் என்று ஒன்று கிடையாது என்பதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெளிநாட்டில் அவளிடம் காசு வாங்கி அனுப்பிய நிறுவனத்துக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மற்றக் கஷ்டங்கள் எல்லாம் பழகிவிடும். சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் தும்பாகிவிடும். எல்லாரும் முதல் கிழமை அழுவது இதற்குத்தான். வயிறு ஒருமுறை குழம்பும். பிறகு பிட்டையும் சம்பலையும் எங்களைவிட உறைப்பாகச் சாப்பிடுவார்கள். பழகாதது இரவு ஏழு மணி. ஊர் முழுக்கப் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடும். போக ஒரு இடமில்லை, தனியாகச் சைக்கிளில் போனால் நாலு பேர் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் என்னோடு குசினியில் இருந்து தேங்காய் துருவக் கற்றுக்கொண்டவர்கள் நின்றுபிடித்தார்கள். அறையில் போனோடு இருந்தவர்கள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது எங்கள் பிள்ளைகள்தான், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்தவர்கள். வெள்ளைக்காரப் பிள்ளை “வணக்கம், சாப்பிட்டாச்சா” என்றால் ஊரே கைதட்டும். ரொறன்ரோப் பொடியன் ஒருவன் தட்டுத்தடுமாறி ஒரு முழு வசனம் கதைத்தான். அதற்குக் கிடைத்தது, “தம்பி தமிழை மறந்திட்டார் போல” என்ற நக்கல். அடுத்த கேள்வி எந்த ஊர், ஆருடைய பேரன். அதற்கடுத்தது கலியாணம். அவன் என்னிடம் கேட்டான், “அன்ரி, நான் இங்க வேலை செய்ய வந்தனானா, வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சைக்கு) வந்தனானா?” எனக்குச் சிரிப்பு வந்தது, கவலையாகவும் இருந்தது.

ஒழுங்காக ஒரு வேலை நடந்தது, ஐம்பதைத் தாண்டிய ஒரு நூலகர் வந்தபோது. தைப்பொங்கலுக்கு முன்னர் வந்தவர் முதலாம் தவணை முழுக்க நின்றார். பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. அவற்றை எடுத்துத் தூசி தட்டி, பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பின்படி எண் ஒட்டி, இரண்டு மாணவிகளுக்கு அந்த முறையைப் பழக்கிவிட்டுப் போனார். பார்க்க அலுப்பான வேலை. இன்றைக்கும் நூலகம் அந்த ஒழுங்கில்தான் ஓடுகிறது. அதே பள்ளிக்கூடத்து மதிலில் ஆகஸ்டில் ஒரு குழு தீட்டிய வண்ணத்துப்பூச்சிகளை ஐப்பசி, கார்த்திகை மழை உரித்துவிட்டது.

வந்து நின்று செய்வது எங்களுக்குப் புதிதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவர் மிசனறி, அந்தக் கதை வேறு. யுத்த காலத்தில் மந்திகை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரையும் எங்கள் வடமராட்சிப் பகுதியில் என் வயதுக்காரர் மறக்கவில்லை. ஆயுள் முழுக்க நில்லுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு தவணை நின்றால் போதும்.

எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். வந்து இரண்டாம் நாளே பொன்னாடை போர்த்தி, பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் இருத்திவிடுகிறோம். பொன்னாடை போர்த்தியவரிடம் “ஏன் வகுப்புக்குப் பிந்தி வந்தாய்?” என்று எந்த அதிபரால் கேட்க முடியும்? அதே மண்டபத்தில் பின்வரிசையில் எங்கள் தொண்டராசிரியை இருப்பாள். நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் படிப்பித்தவர்கள் வடக்கில் எத்தனை பேர், நியமனம் கேட்டு வீதியில் இருந்தவர்கள் எத்தனை பேர். அவர்களுக்கு யார் பொன்னாடை போர்த்தியது? வெளிநாட்டிலிருந்து வருகிறவரை அவளுக்குப் பக்கத்தில் உதவியாளராக விட்டால் இருவருக்கும் நல்லது. அவளுடைய ஆங்கில உச்சரிப்புத் திருந்தும், வந்தவருக்குப் பாடத்திட்டம் விளங்கும், அவர் போன பிறகும் வகுப்பு நடக்கும்.

இன்னொன்று, சுற்றுலா விசாவில் வந்து சம்பளமில்லாத வேலைகூடச் செய்ய அனுமதியில்லை. இது பலருக்குத் தெரியாது. முறையான விசாவுக்கு இங்குள்ள அமைப்பு ஒன்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும், அதற்கு நாள் எடுக்கும்.

ஆகவே லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 5 சர்வதேசத் தொண்டர் தினத்துக்குப் பதாகை அடிக்கும் காசை இந்த முறை மிச்சம் பிடியுங்கள். ஆவணியிலேயே இங்குள்ள அதிபருக்கு எழுதி, எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று கேளுங்கள். கணக்கு, விஞ்ஞானம், நூலகம், கணினி திருத்துவது என்று அவரே சொல்வார். ஆளை ஜனவரியில் அனுப்புங்கள். வெயிலும் அப்போது குறைவு, வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பட்டப் போட்டியும் பார்க்கலாம். ஓய்வுபெற்றவர்களைச் சேர்த்தால் இன்னும் நல்லது, அவர்களுக்குக் கோடை லீவுக் கணக்கு இல்லை. என் பின்னறை வழக்கம்போல் திறந்திருக்கும். வாடகை இல்லை, தேங்காய் மட்டும் துருவித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கரவெட்டி.