ஒரே ஒரு தேதி: தமிழக எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஊழலைப் பற்றிப் புகார் கொடுப்பவரைக் காப்பாற்ற நீங்கள் இருக்கும் அவையே ‘விசில் புளோயர்ஸ் பாதுகாப்புச் சட்டம், 2014’ என்று ஒரு சட்டம் போட்டது. மக்களவையில் 2011 டிசம்பரிலும் மாநிலங்களவையில் 2014 பிப்ரவரியிலும் நிறைவேறி, அந்த ஆண்டு மே 9 அன்று குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதோடு சரி. எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்று மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிப்புப் போட வேண்டும். அது இன்னும் வரவில்லை. அந்தத் தேதியைக் கேட்டு வாங்கித் தாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று வழக்கு முடிந்தது. இருக்கட்டும். ரகசியம் கேட்டவரின் கடிதம் அவர் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியதே, அதற்கு யார் பதில் சொன்னார்கள்?

இன்றைக்கும் அப்படித்தான் சுற்றுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். போடாத சாலைக்குப் பில் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் மனு எழுதி, வரிசையில் நின்று கொடுக்கிறார். மனு ‘தக்க நடவடிக்கைக்காக’ வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து அந்த ஊராட்சிக்கே வருகிறது. அதாவது, யார் மேல் புகாரோ அவர் கைக்கே. மனுதாரரின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், செல்போன் எண் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் போன் வரும். முதலில் அன்பாகத்தான் பேசுவார்கள். “நம்ம ஊர் விஷயம்ணே, இதுக்கு எதுக்கு கலெக்டர் வரைக்கும்?” அன்புக்கு மசியாவிட்டால் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். பட்டா மாறுதலில் ஏதோ ஒரு ஆவணம் குறையும். மகனின் சாதிச் சான்றிதழ் நகராது. கடைசியில் பதில் வரும்: ‘மனு மீது விசாரணை மேற்கொள்ளப்பட்டது. புகாரில் உண்மை இல்லை எனத் தெரிய வருகிறது.’ விசாரித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலில் என் பெயர் இல்லாததற்கும் அதுதான் காரணம், மன்னிக்க வேண்டும்.

இவ்வளவோடு விட்டால் பிழைத்தோம். தாமிரபரணி மணல் கொள்ளையைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த முறப்பநாடு விஏஓ லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியர், அரசு அலுவலகம், பட்டப்பகல். கொன்ற இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் திருமயம் பகுதியில் கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து வந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அவர் மனு கொடுத்த விவரம் குவாரிக்காரர்களுக்குப் போய்விட்டது என்று அப்போது குற்றச்சாட்டு எழுந்தது.

புகார் கொடுத்தவர் யார் என்று வெளியே சொல்லும் அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அந்த 2014 சட்டத்தில் இருக்கிறது. தேவையானதை எழுதித்தான் வைத்திருக்கிறீர்கள். தேதிதான் இல்லை.

தேதி போடுவது அவ்வளவு கஷ்டமா என்றால், அதுவும் இல்லை. அமைச்சர், அதிகாரி ஆகியோர் எடுத்த முடிவுகளில் ஊழல் இருக்கிறதா என்று விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்று 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஜூலை 26 அன்று ஒப்புதல், அன்றைக்கே அமல். எம்.பி.க்களின் சம்பளத்தை 1,24,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2025 மார்ச்சில் வந்தது. அது 2023 ஏப்ரலிலிருந்தே அமல்! உங்கள் சம்பளத்துக்குக் காலம் பின்னோக்கியும் ஓடுகிறது, எங்கள் பாதுகாப்புக்கு முன்னோக்கிக்கூட நகர மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் டெல்லி செய்வது, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பீர்கள். 2014இல் அதிமுக 37 பேரோடு மக்களவையின் மூன்றாவது பெரிய கட்சியாக இருந்தது. 2024இல் தமிழகத்தின் 39 தொகுதிகளும் திமுக அணிக்கே கிடைத்தன. எண்ணிக்கைக்கு ஒன்றும் குறைவில்லை.

டெல்லியை விடுங்கள், இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை உயரதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அது இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். ஆட்சி மாறியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வழக்கின் எஃப்ஐஆர் மாணவியின் விவரங்களோடு வெளியே போனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். இவை நான் கேட்கும் சட்டத்துக்குள் வருபவை அல்ல, தெரியும். ஆனால் பெரிய இடத்துப் பெயர்கள் சீலிட்ட உறைக்குள் பத்திரமாகப் போகும் நாட்டில், புகார் கொடுத்தவர் பெயருக்கு மட்டும் எப்படித்தான் கோளாறு வருகிறதோ!

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை, நிதியும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தொடரில், ஆளுக்கொரு கட்சியாக இல்லாமல் சேர்ந்து எழுந்து, இந்தச் சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்று கேளுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் உட்கார்ந்துவிட வேண்டாம், தயவுசெய்து தேதியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவர்