அரங்கம் சரி, பேருந்து?

ஆசிரியருக்கு,

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 5,000 பேர் அமரும் பன்னாட்டு அரங்கம் வருவது பற்றிய செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால், நந்தம்பாக்கம் வர்த்தக மையம் கற்றுத்தந்த பாடத்தை மறந்துவிடக் கூடாது. மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய அந்த மையம் 2001 முதல் செயல்படுகிறது. புதிய கட்டடங்களோடு விரிவாகி, 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர் மாநாட்டையே நடத்திக் காட்டியது. உள்ளே எல்லாம் வளர்ந்தது. வெளியே, போய்ச் சேரும் வழி மட்டும் வளரவில்லை.

அங்கே நடந்த சிறு தொழில் கண்காட்சி ஒன்றுக்காக ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கினேன். ஆட்டோக்காரர் கேட்ட தொகை, திருவல்லிக்கேணியிலிருந்து அதுவரை வந்த மொத்தச் செலவைவிட அதிகம். திரும்பும்போது கையில் இரண்டு பை நிறைய விளம்பரத் தாள்கள், மாதிரிப் பொருட்கள். பூந்தமல்லி சாலையைக் கடக்கவே பத்து நிமிடம் நின்றேன். காரில் வருவோருக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு வண்டி நிறுத்துமிடம்தான் கவலை!

மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடத்தில் வர்த்தக மையத்துக்கென்றே ஒரு நிலையம் வருகிறது. அதுவரை கண்காட்சி நாட்களில் ஆலந்தூரிலிருந்து சிற்றுந்துகள் விடலாம். கட்டணத்தை நுழைவுச் சீட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். முட்டுக்காட்டுக்கோ ரயிலும் கிடையாது. எனவே அங்கே அரங்கைத் திறக்கும் நாளிலேயே திருவான்மியூரிலிருந்து இணைப்புப் பேருந்துகளும் ஓடத் தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருவல்லிக்கேணி, சென்னை